உடையாத கண்ணாடி

காலையில் சுவர் விழுந்தது. இன்ஸ்பெக்டர் மலையேறி வந்து சேர்ந்தபோது, தச்சரை மண்ணிலிருந்து எடுத்துப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். போர்வைக்கு வெளியே ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. பாதையில் மண் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் கீழேயே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மா வரும்போதே கோபத்தில் இருந்தார். வழியில் இரண்டு பேர் போன் செய்து, "இயற்கையா நடந்தது மேடம், சட்டுபுட்டுன்னு முடிச்சிடலாம்" என்று சொல்லியிருந்தார்கள். செத்தவன் உடம்பில் சூடு ஆறுவதற்குள் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

வீடு கட்டுகிற இடமா அது! நின்றால் கால் வழுக்கும் சரிவு. அதில் தூண்களை நட்டு, பாதி எழும்பிய இரண்டு மாடி. கீழே, வீட்டின் மண்ணைத் தாங்க நீளமாக ஒரு கல் தடுப்புச் சுவர். அதன் நடுப்பகுதி மொத்தமும் பெயர்ந்து, அடியில் இருந்த தச்சுக் கொட்டகையின் மேல் விழுந்திருந்தது. புதுக் கதவு நிலைகள் மண்ணுக்குள் குத்திட்டு நின்றன.

சுவரின் ஒரு முனை விழாமல் நின்றது. காண்ட்ராக்டர் இன்ஸ்பெக்டரை நேராக அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார்.

"இதைப் பாருங்க மேடம். இது ஒண்ணு போதும்."

சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை. இரண்டு முனையிலும் வெளிர் மஞ்சளாக, நெல்லிக்காய் அளவுக்குப் பூச்சு வைத்து ஒட்டியிருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"எதுக்கு இது?"

பின்னால் நின்ற இன்ஜினியர் பதில் சொன்னார். "விரிசல் பெருசாகுதான்னு பார்க்க, மேடம். சுவர் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சிடும். உடைஞ்சா கீழே ஒரு ஆள் இருக்கக் கூடாது, வேலையை நிறுத்திட்டு எனக்குச் சொல்லணும்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். அப்படி நிறுத்தினா, மழை முடியற வரைக்கும் வேலையைத் தொட முடியாது."

"எதை வெச்சு ஒட்டினீங்க?"

"சாதாரண வெள்ளை பிளாஸ்டர்தான். நானே ஒட்டினேன். போன மாசம்."

"அதுக்கப்புறம் வந்து பார்த்தீங்களா?"

"இல்ல, வேற சைட்டு வேலை." அவர் கண்ணாடியைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உடையலையே. அப்போ முன்கூட்டியே யாருக்கும் தெரிய வாய்ப்பில்ல."

தன் தலை தப்பினால் போதும் என்கிற பெருமூச்சு அது. இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்யி."

சொன்னது தச்சரின் மனைவி. அதுவரை போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். அழுது ஓய்ந்த முகம் இல்லை. அழவே நேரம் கிடைக்காத முகம்.

"கண்ணாடி உடைஞ்சிடுச்சும்மா. நாலு நாளைக்கு முன்னால சாயங்காலம் வந்து எங்கிட்ட சொன்னாரு. மேல சொல்லியாச்சு, நாளைக்கு வேலை இருக்காதுன்னாரு."

"அப்புறம் ஏன் மறுநாள் வேலைக்குப் போனாரு?"

"போய்ப் பார்த்தா கண்ணாடி முழுசா இருந்துச்சாம். இன்ஜினியர் வந்து பார்த்துட்டுப் புதுசு ஒட்டியிருப்பாரு, பயமில்லன்னு நெனச்சிக்கிட்டாரு."

"மேலன்னா யாரு? பேர் சொன்னாரா?"

"சொல்லலம்மா. நானும் கேக்கல."

காண்ட்ராக்டர் குறுக்கே விழுந்தார். "எங்கிட்ட யாரும் சொல்லல மேடம். ஆசாரிக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். தண்ணி வழிஞ்சதைப் பார்த்து உடைஞ்சிடுச்சுன்னு நெனச்சிருப்பாரு. அங்க கொட்டகை போடாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே."

"சொன்னீங்களா?" இன்ஸ்பெக்டர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "கூரைத் தகடு உங்க கம்பெனித் தகடு மாதிரி இருக்கே. தூக்கிக் குடுத்துட்டு வேணாம்னு சொன்னீங்களாக்கும்?"



இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை நனைத்துக் கண்ணாடி முனையிலிருந்த பூச்சைத் துடைத்தார். மண் போனது. மஞ்சள் போகவில்லை.

வீட்டுக்காரர் மேலே, கட்டி முடித்த ஒரே அறையில் இருந்தார். முப்பது வருஷம் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் 'பல் டாக்டர்'தான். மூடாத ஜன்னல் வழியாக மலைத்தொடர் முழுவதும் தெரிந்தது. கீழே கிடந்த போர்வை தெரியவில்லை. அதற்கு எட்டிப் பார்க்க வேண்டும். அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"பாவம், நல்ல வேலைக்காரன்" என்றார். "விதி, வேற என்ன சொல்ல?"

"உங்ககிட்ட அவர் கடைசியா எப்பப் பேசினாரு?"

"ஞாபகம் இல்லையே. அவங்கல்லாம் காண்ட்ராக்டர்கிட்டதான் பேசுவாங்க."

மேஜை மேல் சந்தன நிறத்தில் ஒரு பொம்மை மலை. அதில் இந்த வீடு தூண், சுவர், படிக்கட்டு எல்லாவற்றோடும் குட்டியாக நின்றது.

"யார் செஞ்சது?"

டாக்டர் முகம் மலர்ந்தது. "நானேதான். பல்லு அச்சு வார்க்கிற மாவு இது. கல்லு மாதிரி இறுகிடும். அச்சுக்குள்ள லேசா வாசலின் தடவிட்டா போதும், ஒட்டவே ஒட்டாது, வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடும்." குட்டி வீட்டின் கூரையைத் தடவினார். "சொத்தைப் பிரிக்கும்போது எங்கண்ணன் சமதளத்தை எல்லாம் தான் எடுத்துக்கிட்டு, இந்தச் சரிவை என் தலையில கட்டினாரு. ஆடு நிக்காத எடத்துல நீ எங்கடா வீடு கட்டப்போறேன்னு சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி சிரிச்சாரு. அடுத்த வாரம் கூரை போடறோம். வரச் சொல்லியிருக்கேன். வந்து பார்க்கட்டும்."

ஒருவன் செத்துக் கிடக்கிறான். இவருக்கு இன்னும் அடுத்த வாரக் கூரை. இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பினார்.

"கீழ வாங்க. உங்க சுவரைப் பார்க்கலாம்."

எல்லாரும் சுவர் முனையில் வந்து நின்றார்கள்.

"இன்ஜினியர் சார், பக்கத்துல பாதிச் சுவர் பேர்ந்து விழுந்திருக்கு. இந்தக் கண்ணாடி எப்படி உடையாம இருக்கு?"

இன்ஜினியர் முதல்முறையாகக் கிட்டே வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "உடைஞ்சிருக்கணும், மேடம். ரெண்டு முனையும் பிடிச்சிருந்தா கண்டிப்பா உடைஞ்சிருக்கணும். இது... இது நான் ஒட்டினது இல்ல. நான் ஒட்டினது வெள்ளை."

"ரெண்டு முனையும் பிடிச்சிருந்தாத்தானே?"

இன்ஸ்பெக்டர் வலது முனையிலிருந்த மஞ்சள் பூச்சை நகத்தால் நெம்பினார். அது விரிசலுக்கு அந்தப் பக்கம் சுவரில் கெட்டியாகவே இருந்தது. லேசாக இழுத்ததும் கண்ணாடி மட்டும் அதற்குள்ளிருந்து சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முனையில் விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலை டாக்டர் முகத்துக்கு நேராக நீட்டினார். பிசுக்கென்று மின்னியது.

"வாசலின். சுவர் எவ்வளவு நகர்ந்தாலும் கண்ணாடி வழுக்கிக் குடுக்கும், உடையாது. கொத்தனாரும் இன்ஜினியரும் ஒட்டறதுக்குத்தான் பூச்சு வைப்பாங்க. ஒட்டக் கூடாதுன்னு பூச்சு வைக்கிற தொழில் உங்களோடது. அந்த மாவும் உங்க மேஜை மேல இருக்கு. தச்சர் 'மேல' சொன்னது உங்ககிட்டதான்."

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவர் பக்கம் பேசவில்லை. காண்ட்ராக்டர்கூட ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

"நான் யாரையும் கொல்லணும்னு நெனைக்கல. நிறுத்தினா மழை முடியற வரைக்கும் நிக்கும். அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. கூரை போடற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்."

"எங்க நின்னுக்கிட்டு நெனச்சீங்க? மேல நின்னா, கீழ நின்னா?"

டாக்டர் மேலே தன் ஜன்னலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"தாங்கும்னு நம்பியிருந்தா கண்ணாடியை ஒழுங்காவே ஒட்டியிருப்பீங்க. மறுபடியும் உடையும்னு தெரிஞ்சுதான் தடவியிருக்கீங்க. ஏட்டு, கூட்டிட்டுப் போங்க. வண்டி கீழதான் நிக்குது, மண்ணுல நடந்தே வரட்டும்."

தச்சரின் மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. காண்ட்ராக்டர் முன்னால் போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு மங்கலா?"

காண்ட்ராக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா. நல்லாத் தெரிஞ்சுது."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியும்." அவள் போர்வையைக் காட்டினாள். "அங்க போய்ச் சொல்லுங்க."

அவர் தயங்கி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"போங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "சத்தமாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."