பிரேக் நல்ல நிலையில் உள்ளது

நான் அந்த மைதானத்துக்குள் நுழைந்தபோது காலை பதினொரு மணி. பட்டப்பகல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் "ராத்திரியா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ராத்திரி இல்லை. மழை விட்டு அரை மணி ஆகியிருந்தது, நல்ல வெயில் அடித்தது, சேற்றிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

போக்குவரத்துக் காவல் நிலையத்தின் பின்பக்கம், விபத்தில் சிக்கிய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிற இடம் அது. வண்டிகளைச் சோதிப்பது என் வேலை. பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்து நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். வழக்கு யார் தலையில் விடியும் என்பதும் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

கார், லாரி எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் பார்ப்பேன். சைக்கிளை மட்டும் பார்க்க மாட்டேன். சைக்கிளுக்கென்று என்னிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது.

'பிரேக் பழுது. பின்புற ரிஃப்ளெக்டர் இல்லை.'

நானே சொல்லிச் செய்துகொண்டது. சைக்கிள்கள் மைதானத்தின் கடைசியில், சுவரோரம் ஒரே சங்கிலியில் கோத்துக் குவியலாகக் கிடக்கும். அவ்வளவு தூரம் சேற்றில் நடக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஓட்டினவர் பெரும்பாலும் செத்திருப்பார், மறுத்துப் பேச ஆள் கிடையாது. ஸ்டாம்பை எடுத்து ஒரு குத்து, அடுத்த தாள். பதினான்கு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள்கூட என் தூக்கம் கெட்டதில்லை.

அன்றைக்கு நான் சோதிக்க வேண்டிய கார் என் தங்கையின் கணவருடையது. சொந்தக்காரர் வண்டி என்றால் நான் ஒதுங்கியிருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் தங்கை போன் செய்யாமல் இருந்திருந்தால் ஒதுங்கியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"அண்ணே, அவருக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், உனக்குத் தெரியாததா. ஆனா வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு. ஒரே ஒரு கையெழுத்து. எனக்காக இல்லாட்டியும் புள்ளைங்களுக்காகப் போடு."

அவள் அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ரைட்டர், அதாவது நிலையத்தில் வழக்குகளை எழுதுகிற போலீஸ்காரர், கோப்பைத் தூக்கிக்கொண்டு என் கூடவே வந்தார். ரிட்டயராக ஆறு மாதம் இருந்தது. முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"செத்தவரு கடிகாரம் ரிப்பேர் பண்றவரு சார். சிக்னல்ல, சைக்கிளுக்குன்னு கோடு போட்ட எடத்துல உங்க மாப்பிள்ளை காரை நுழைச்சிருக்காரு. இவரு கண்ணாடிய மூணு தட்டு தட்டி, 'தம்பி, இது சைக்கிள் போற வழி'ன்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"பச்சை விழுந்ததும் அவரு போயிட்டாரு. உங்க மாப்பிள்ளை விடல. ரெண்டு கிலோமீட்டர் தொரத்தியிருக்காரு. ரோட்டுல டயர்த் தடம் மூணு சார். முன்ன, பின்ன, மறுபடியும் முன்ன."

நான் காரை நோக்கி நடந்தேன், ரைட்டர் விடாமல் பின்னாலேயே வந்தார்.

"போன மாசம் இதே கடிகாரக்காரருக்கு நான்தான் ஃபைன் எழுதினேன். சிகப்புல ஒரு அடி கோட்டத் தாண்டி நின்னுட்டாரு. மறுபேச்சு பேசல. 'எல்லாருக்கும் ஒரே சட்டம்தான சார்?'னு மட்டும் கேட்டாரு. ஆமான்னு சொன்னேன்." கோப்பை என் கையில் திணித்தார். "நீங்க பாத்து எழுதுங்க."

அவர் போய்விட்டார்.

காரைச் சோதித்தேன். முன்பக்கம் நசுங்கியிருந்தது. தரையில் படுத்து அடியில் பார்த்தேன். பின் பம்பருக்கு அடியில் ஒரு முழம் சட்டைத் துணியும், அதோடு கொஞ்சம் நரைமுடியும் சிக்கிக் காய்ந்திருந்தன. முன்னால் மட்டும் போன வண்டியில் அது அந்த இடத்துக்கு வராது. விழுந்து கிடந்தவர் மேல் ரிவர்ஸ் எடுத்திருக்கிறார்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன். வண்டியை நாலு தடவை ஓட்டிப் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். சொன்ன இடத்தில் நின்றது. அந்த வரியை மட்டும் சுத்தமான மனதோடு எழுதினேன். 'பிரேக் நல்ல நிலையில் உள்ளது.' பின் பம்பரில் கண்டதை எழுதாமல் விட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்தது சைக்கிளின் தாள். பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்தேன்.

கிளிங்.

சுவரோரத்திலிருந்து சைக்கிள் மணி. ஒரே ஒரு தடவை.

காகம் எதையாவது கொத்தியிருக்கும் என்று நினைத்தேன். அங்கே காகம் இல்லை. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குவியலை நோக்கி நடந்தேன். துரு வாடை, ஈர மண் வாடை, அதற்குள்ளே புதிதாக எண்ணெய் போட்ட சங்கிலியின் வாடை. முப்பது, நாற்பது சைக்கிள்கள். வளைந்த கைப்பிடிகள், பிய்ந்த சீட்டுகள், ஒன்றின் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கிற சின்னக் கூடை. எல்லாவற்றின் தாளிலும் என் ஸ்டாம்ப் இருக்கிறது.

கடிகாரக்காரருடையது சங்கிலியின் நுனியில், தனியாக, கொஞ்சம் முன்னால் நின்றது. முன்சக்கரம் நெளிந்திருந்தது. மற்றபடி அப்படிப் பராமரித்த சைக்கிளை நான் பார்த்ததே இல்லை. ஆணிக்கு ஆணி எண்ணெய். ரிஃப்ளெக்டர் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. பிரேக் கட்டைகள் புத்தம்புதியவை.

ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் குனிந்து பிரேக்கைப் பிடித்தேன். பிடித்த நொடியில் நின்றது.

என் விரல்களின் மேல் இன்னொரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. ஈரமாக, வெதுவெதுப்பாக, விரல் நுனியில் கடிகாரக்காரர்களுக்கு இருக்கிற காய்ப்போடு, என் விரல்களைப் பிரேக்கோடு சேர்த்து அழுத்தியது. 'பார்த்துக்கொள், பிடிக்கிறது' என்று காட்டுவது போல இருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தங்கை.

கையை உதறிக்கொண்டு ஓடினேன். ஓடி வந்தவன் அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. காரின் பானட்டில் தாளை வைத்து ஸ்டாம்பைக் குத்தினேன். பிரேக் பழுது. பின்புற ரிஃப்ளெக்டர் இல்லை. கண்ணால் பார்த்துவிட்டுக் குத்தியது அது ஒன்றுதான். அதனால்தான் மற்றதெல்லாம் நடந்தது என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். வாயில் சிரிப்பு.

"முடிஞ்சுதா மச்சான்? சாவியக் குடுங்க. அந்தக் கிழவன் நாலு நாளா என் உயிர வாங்கிட்டான்."

"மாப்ள, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? கண்ணாடிய ஒடைக்க வந்தவன். ரோடு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

சாவியைக் கொடுத்தேன். காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். கார் கேட்டைப் பார்த்து நின்றது. அதன் பின்பக்கம் சைக்கிள் குவியல்.

டொக். டொக். டொக்.

ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள். கண்ணாடியில் படிந்திருந்த சேற்றில் மூன்று வட்டங்கள் விழுந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் ஆள் இல்லை.

மாப்பிள்ளையும் பார்த்தார். பயப்பட வேண்டிய மனிதர் கோபப்பட்டார். அதுதான் அவர்.

"எவன்டா அது?"

எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். மைதானத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கவிழ்ந்த சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது, கிட்கிட்கிட் என்று. நான் பிடித்து நிறுத்திவிட்டு வந்த சக்கரம்.

"இதுதான அவன் வண்டி?" என்று நேராக அதை நோக்கிப் போனார். ஓங்கி உதைத்தார். சைக்கிள் அசையவில்லை. மறுபடி உதைத்தார்.

கிளிங்.

குவியலில் இருந்த எல்லா மணிகளும் அடித்தன.

எல்லாச் சக்கரங்களும் சுழன்றன. நெளிந்தவையும், கம்பி உடைந்தவையும், டயரே இல்லாதவையும்.

"மாப்ள, வந்துருங்க," என்றேன்.

கார் தானாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். இருக்கையில் யாரும் இல்லை. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்த நொடியில் அவர் தொடைகளைக் குவியலோடு வைத்து நசுக்கியது. எலும்பு முறிகிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. ஒரு சைக்கிளின் கைப்பிடிக் கம்பி அவர் இடுப்பில் நுழைந்து வயிற்றுப் பக்கம் வெளியே வந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். கத்தவில்லை. அது என்னவென்று புரியாதவர் மாதிரி விரலால் தொட்டார்.

நான் ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் விழுந்தேன். பிரேக்கை அழுத்தினேன். இரண்டு காலாலும் அழுத்தினேன். அது கல் மாதிரி நின்றது, காலுக்கு அடியில் அவ்வளவு உறுதியாக இருந்தது. அது நல்ல பிரேக். பத்து நிமிடத்துக்கு முன்னால் நானே எழுதியது.

கார் முன்னால் போனது.

பின்னால் அவர் விழுகிற சத்தம். இப்போது கத்தினார். "மச்சான், பிரேக் புடிங்க. புடிங்க மச்சான்."

"புடிச்சிருக்கேன்," என்றேன். "புடிச்சிருக்கேன் மாப்ள."

கார் பின்னால் போனது. அடியில் ஏதோ தடுக்கி, ஏறி, இறங்கியது. கத்தல் பாதியில் அறுந்தது.

பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் பார்த்தேன். குவியலுக்கு முன்னால், சிக்னலில் நிற்கிறவர் போல ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து கீழே முகம் இல்லை. சக்கரம் ஒரு விரல் அளவுகூட எதையும் தாண்டாமல் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். பச்சைக்காகக் காத்திருந்தார்.

கார் மறுபடி முன்னால் போனது. மறுபடி ஏறி, இறங்கியது.

பிறகு எஞ்சின் தானாக அணைந்தது.

ரைட்டரும் மற்றவர்களும் ஓடி வந்தபோது என் இரண்டு கால்களும் பிரேக்கில்தான் இருந்தன. விரல்களைப் பிரித்துத்தான் என்னை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார்கள்.

வெளியூரிலிருந்து வேறொரு ஆய்வாளர் வந்து காரைச் சோதித்தார். நேர்மையான மனிதர், ஆளைப் பார்த்து எழுதாதவர். பிரேக்கில் குறையே இல்லை என்று எழுதினார். பின்னால் உடைந்த பிரேக் விளக்கின் இழையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மோதும்போது அது எரியவில்லை, ஆகவே பிரேக் மிதிக்கப்படவில்லை என்றும் எழுதினார். கூடவே என் சொந்தக் கையெழுத்தோடு என் தாள். ஓட்டுநர் இருக்கையில் நான். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றால் என்னைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஜாமீனில் வீட்டில் இருக்கிறேன். மூன்றாவது மாடி. மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கை ஒரே ஒரு தடவை வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ பிரேக் புடிச்சியா?"

"சத்தியமாப் புடிச்சேன்மா."

என் வலது கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இந்தக் கையால என்ன எழுதினாலும் இனிமே எப்படி நம்பறது," என்றாள். "நான்தான எழுதச் சொன்னேன். நான்தான்." படியில் இறங்கும்போது அழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பிடிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தச் சைக்கிள் மைதானத்தில் கவிழ்ந்தபடியே இருந்தது. பின்சக்கரம் நிற்கவில்லை. ரைட்டர் தினமும் போனில் சொல்வார். "பிரேக் புடிச்சா ஒடனே நிக்குது சார். விட்டா மறுபடி சுத்துது. புது ஆய்வாளர் அதுகிட்டப் போகவே மாட்டேங்கறாரு."

அது எதற்குக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன். சைக்கிள்: பிரேக் நல்ல நிலையில் உள்ளது. ரிஃப்ளெக்டர் இரண்டு. கார்: மோதிய பின் ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஏற்றப்பட்டது. கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பினார்கள். பணியிடை நீக்கத்தில் இருப்பவரின் கையெழுத்து செல்லாதாம். மறுபடி எழுதினேன். இருபத்திரண்டு தடவை எழுதிவிட்டேன்.

இன்று காலை, வெயில் ஏறிய பிறகு, ரைட்டர் கூப்பிட்டார். குரலில் ஒரு நிம்மதி.

"சார், அது நின்னுடுச்சு. சக்கரம் நின்னுடுச்சு."

நாற்காலியில் சாய்ந்தேன். இத்தனை நாள் கழித்து மூச்சு முழுதாக உள்ளே போனது. "கடைசியா நின்னுச்சே," என்றேன்.

"நின்னுச்சான்னு தெரியல சார்," என்றார் அவர் மெதுவாக. "சைக்கிள் அங்க இல்ல. சங்கிலி பூட்டினது பூட்டினபடியே கெடக்கு."

போனை வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே, மூன்று மாடி உயரத்தில், கிட்கிட்கிட் என்று ஒரு சத்தம் வந்து மெல்ல நின்றது.

கண்ணாடியில் மூன்று தட்டு.

தாளை எடுத்து, இருபத்துமூன்றாவது தடவையாக எழுத ஆரம்பித்தேன். என் விரல்களின் மேல் அந்த ஈரமான கை வந்து உட்கார்ந்தது.