‘கை’ என்று கத்தாத அணி

பேட்டன் மறுபடியும் கீழே விழுந்தது. மண்ணில் உருண்டுபோய் வேலியோரம் நின்றது.

சிட்டு குனிந்து அதை எடுத்தாள். மூச்சு வாங்கியது. கோபமும் வந்தது.

“கை, கைன்னு தொண்டை கிழியக் கத்தினேனே. உன் காதுல விழலையா?”

மின்னல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொடர் ஓட்டம் என்றால் நான்கு பேர் சேர்ந்து ஓடுவது. முதல் ஆள் ஒரு குட்டைத் தடியோடு ஓடிவந்து அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும். அந்தத் தடிதான் பேட்டன். கொடுக்கப் போகிறவள் “கை” என்று கத்துவாள். வாங்கப் போகிறவள் முன்னால் ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டுவாள். கேட்பதற்குச் சுலபம்தான். செய்து பார்த்தால்தான் தெரியும்.

அணியில் முதலில் ஓடுபவள் நெட்டை. பெயருக்கேற்ற கால்கள். அடுத்தவள் பட்டாசு. தூங்கும்போது மட்டும்தான் அவள் வாய் ஓயும் என்பார்கள். அவளுடைய தங்கை அதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். மூன்றாவது சிட்டு. கடைசியில் மின்னல்.

போன வருடம் வரை கடைசி ஓட்டம் சிட்டுவுடையது. இந்த வருடம் வேறு ஊரிலிருந்து மின்னல் வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். அவள் ஓடியதை விளையாட்டு டீச்சர் ஒரே ஒருமுறை பார்த்தார். “இவதான் கடைசி” என்று சொல்லிவிட்டார். மின்னல் என்ற பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அது அந்த ஊரிலேயே பழைய அரசு உயர்நிலைப் பள்ளி. நூற்றாண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் எல்லாப் பள்ளிகளுக்குமான விளையாட்டுப் போட்டி இந்தத் தடவை இவர்கள் மைதானத்திலேயே நடக்கப்போகிறது.

பள்ளியின் கதையை யாரும் கேட்காவிட்டாலும் வரலாற்று சார் சொல்லுவார். ஒரு உப்புக் கிடங்கில்தான் இந்தப் பள்ளி தொடங்கியதாம். பழைய கட்டடத்தின் சுவரை நக்கினால் இன்னமும் உப்புக் கரிக்குமாம். ஆறாம் வகுப்பில் சேரும் எல்லோரும் ஒருமுறை நக்கிப் பார்ப்பதுண்டு. பள்ளி தொடங்கியபோது மைதானமே கிடையாது. பின்னால் ஒரு மேடுதான் இருந்தது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகளே கல் பொறுக்கி, மண் சுமந்து அதைச் சமப்படுத்தினார்களாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கடைசிவரை மசியவில்லை. இன்றைக்கும் ஓட்டப் பாதையின் கடைசிப் பகுதி லேசாக மேலே ஏறும்.

அலுவலக அறை அலமாரி நிறையக் கோப்பைகள். கால்பந்துக் கோப்பை உண்டு, நீளம் தாண்டுதல் கோப்பை உண்டு. பெண்கள் தொடர் ஓட்டக் கோப்பை மட்டும் அந்தப் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் பச்சைச் சட்டைக்காரிகள் வருடா வருடம் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று பயிற்சி முடிந்ததும் நெட்டையும் பட்டாசும் சிட்டுவும் குழாயடியில் முகம் கழுவினார்கள்.

“இவ இருந்தா நாம ஜெயிச்ச மாதிரிதான்” என்றாள் பட்டாசு. “டீச்சர்கிட்ட சொல்லி அவளை எடுத்துடலாம். சிட்டு, நீயே கடைசியா ஓடு.”

“வேகமா ஓடுறாளே” என்றாள் நெட்டை.

“கையில பேட்டன் இல்லாம வேகமா ஓடி என்ன பண்றது? காத்து வாங்கவா?”

கடைசி ஓட்டம் என்றதும் சிட்டுவுக்கு உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பையை எடுக்க வகுப்பறைக்குப் போனாள்.

அங்கே ஜன்னலோரம் மின்னல் உட்கார்ந்திருந்தாள். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, அதிலிருந்து கொட்டைப்பாக்கு அளவில் எதையோ எடுத்துக் காதில் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் சிட்டுவைப் பார்த்தாள். சட்டென்று முடியால் காதை மறைத்துக்கொண்டாள்.

“அது என்ன?” என்றாள் சிட்டு.

“காது கேக்குற மிஷின்.” மின்னல் மெதுவாகச் சொன்னாள். “வேர்வை பட்டா கெட்டுப்போயிடும். அதான் ஓடும்போது கழட்டிடுவேன். அப்ப எல்லாம் தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி கேக்கும்.”

உன் காதுல விழலையா என்று சிட்டுதானே கேட்டாள்.

“எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“பழைய பள்ளிக்கூடத்துல சொன்னேன். பாவம், நீ ஓட வேணாம்னு சொல்லி உட்கார வச்சுட்டாங்க.” மின்னல் டப்பாவை மூடினாள். “பரவாயில்ல. நானே டீச்சர்கிட்ட விலகிக்கிறேன்னு சொல்லிடறேன். பட்டாசும் அதைத்தானே சொன்னா.”

“அவ சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?”

“இந்த ஜன்னல்லேருந்து பார்த்தேன். உதட்டை வச்சே கண்டுபிடிச்சிடுவேன். பட்டாசு வாயை நல்லாத் திறந்து பேசுறவ. படிக்க ரொம்ப ஈசி.”

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். குழாயடி மைதானத்துக்கு அந்தக் கோடியில் இருந்தது.

“திங்கட்கிழமை வரைக்கும் டீச்சர்கிட்ட எதுவும் சொல்லாதே” என்றாள்.

“ஏன்?”

“எனக்கே தெரியல. ஆனா சொல்லாதே.”

ஞாயிற்றுக்கிழமை சிட்டுவின் வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்பாவுக்கு ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் மத்தியானம்வரை தூங்குவார். இருப்பதே இரண்டு அறைகள். குண்டூசி விழுந்தாலும் கட்டிலில் ஒரு முனகல் கேட்கும்.

அம்மா பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சிட்டு கிளிப் டப்பாவோடு பின்னால் நின்றாள். அம்மா ஒரு சட்டையைக் கொடியில் போட்டாள். திரும்பிப் பார்க்காமலேயே அவளுடைய கை பின்னால் வந்தது. சிட்டு கிளிப்பை வைத்தாள். அடுத்த துணி. மறுபடி கை வந்தது. மறுபடி கிளிப்.

பாதித் துணி கொடிக்கு ஏறியிருக்கும். சிட்டு அப்படியே நின்றுவிட்டாள். நீட்டிய கை காற்றில் காத்திருந்தது.

அம்மா திரும்பினாள். “என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்று கிசுகிசுத்தாள்.

“அம்மா, நான் கிளிப்போட ரெடியா இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியுது? நான்தான் எதுவும் சொல்றதே இல்லையே.”

“இதைச் சொல்ல வேற செய்யணுமா? வருஷக்கணக்கா செய்யறோம். கைக்கே தெரியும்.”

சிட்டு அம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். டப்பா சாய்ந்து கிளிப்புகள் சிமெண்ட் தரையில் கொட்டின. உள்ளே கட்டில் முனகியது.

திங்கட்கிழமை மின்னலைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சிட்டு நெட்டையிடமும் பட்டாசிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். மின்னல் தலையாட்டிய பிறகுதான் சொன்னாள். பட்டாசு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சற்றுப் போனாள்.

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள் கடைசியில். “மன்னிச்சிடு.”

“மைதானத்துல ஒரு கோடு போடுவோம்” என்றாள் சிட்டு. “நான் அந்தக் கோட்டைத் தாண்டுறதை மின்னல் கண்ணால பார்ப்பா. உடனே திரும்பி ஓடணும். தன் காலடியைத் தானே எண்ணி, சரியான அடியில கையை நீட்டணும். அங்க பேட்டனோட இருக்க வேண்டியது என் பொறுப்பு. யாரும் கத்த வேணாம்.”

பக்கத்தில் நின்று கேட்ட விளையாட்டு டீச்சர் தலையாட்டினார். “செய்யறதா இருந்தா நாலு பேரும் இப்படியே செய்யுங்க. ஒரே அணிக்கு ஒரே வழக்கம் இருக்கட்டும்.”

முதல் நாள் பேட்டன் விழுந்துகொண்டே இருந்தது. ஒருமுறை சிட்டு மின்னலின் முதுகிலேயே குத்திவிட்டாள். ஒருமுறை கோட்டை மிகக் கிட்டத்தில் போட்டதால் இருவரும் முட்டிக்கொண்டு உருண்டார்கள். கோட்டை முன்னே நகர்த்தினார்கள், பின்னே நகர்த்தினார்கள். மறுநாளும் அதுவேதான். பட்டாசு பழக்கதோஷத்தில் கத்திவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொள்வாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடப் பழகினாள்.

ஒரு மாலை, மின்னலின் கை பின்னால் வந்தது. பேட்டன் அதில் போய் உட்கார்ந்தது. இருவரும் வேகம் குறையவே இல்லை. மின்னல் ஓட்டத்தை நிறுத்தாமல் மைதானத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

போட்டி நாள் வந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். மேளம், விசில், ஒலிபெருக்கி. நேர்முக வர்ணனை செய்தவர் வரலாற்று சார். மின்னல் தன் டப்பாவை டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி இடத்துக்கு நடந்தாள்.

துப்பாக்கி வெடித்தது. நெட்டை பாய்ந்தாள்.

“அன்பார்ந்த பார்வையாளர்களே” என்றது ஒலிபெருக்கி. “இப்போது நம் பிள்ளைகள் ஓடுகிற இந்த மண், ஒரு காலத்தில் கூடை கூடையாகச் சுமந்து...”

நெட்டை நன்றாக ஓடினாள். பட்டாசு சத்தமில்லாமல் பேட்டனை வாங்கினாள். ஆனால் பச்சைச் சட்டைகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. பட்டாசிடமிருந்து சிட்டு வாங்கியபோது அவளுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

“...கிழக்குப் பக்கத்து மேடு மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டீர்களானால்...”

சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். ஒருத்தியைத் தாண்டினாள். வளைவு முடியும் இடத்தில் எல்லா அணிகளும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கை, கை, கை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே குரல்.

பச்சை அணியின் கடைசி ஓட்டக்காரி பக்கத்துப் பாதையில் எழுந்த குரலைத் தன்னுடைய தோழியின் குரல் என்று நினைத்துவிட்டாள். கையை முன்கூட்டியே நீட்டினாள். கை வெறுமையாகவே இருந்தது. குழம்பி வேகத்தைக் குறைத்தாள், திரும்பிப் பார்த்தாள். இன்னொரு அணியின் பேட்டன் கீழே விழுந்தது.

மின்னலுக்கு அந்தக் கூச்சல் எதுவும் கேட்கவில்லை. அவள் கண்கள் கோட்டின் மேலேயே இருந்தன. சிட்டுவின் கால் கோட்டைத் தாண்டியது. மின்னல் திரும்பினாள், ஓடினாள், எண்ணினாள், கையை நீட்டினாள்.

பேட்டன் அங்கே இருந்தது.

“...ஆகவே அன்றைய தலைமையாசிரியர்...” ஒலிபெருக்கி திடீரென்று நின்றது. “அடேயப்பா, யாருங்க அது, நம்ம பொண்ணா?”

பச்சைச் சட்டை இன்னமும் முன்னால்தான் இருந்தது. ஆனால் மேடு வந்தது. மற்றவர்களின் கால்கள் அங்கே கனத்தன. மின்னலுக்கு அது தினமும் ஏறிப் பழகிய மேடு. அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஏறினாள். சமமாக வந்தாள். ஒரு தோள் முந்தினாள். இறுதிக் கோட்டின் நாடா அவள் நெஞ்சில் பட்டு அறுந்தது.

வரலாற்று சார் மைக்கையே கீழே போட்டுவிட்டார். அந்தச் சத்தத்துக்குப் புறாக்கள் எல்லாம் கூரையைவிட்டுப் பறந்தன.

மின்னல் திரும்பிப் பார்த்தாள். மைதானம் முழுக்கத் திறந்த வாய்கள். முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவள் சிட்டு. பின்னாலேயே நெட்டையும் பட்டாசும் வந்து விழுந்தார்கள். டீச்சர் டப்பாவை நீட்டினார். மின்னல் கையைத் துடைத்து, காதைத் துடைத்து, கருவியை மாட்டிக்கொண்டாள். கண்கள் அகன்றன.

“எவ்வளவு நேரமா இப்படிக் கத்துறாங்க?”

“நீ பேட்டன் வாங்கினதுலேருந்து” என்றாள் சிட்டு.

கோப்பையை வாங்கக் கூப்பிட்டபோது மூன்று பேரும் சிட்டுவை முன்னால் தள்ளினார்கள். சிட்டு மின்னலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோப்பை அவர்கள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது பச்சைச் சட்டை அணியின் தலைவி தயங்கித் தயங்கி வந்தாள்.

“நல்லா ஓடினீங்க” என்றாள். “நீங்க யாருமே கத்தலையே, எப்படி மாத்தினீங்க? எங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?”

பட்டாசு வாயைத் திறந்தாள். சிட்டு அவள் காலை மெல்ல மிதித்துவிட்டு மின்னலைப் பார்த்தாள்.

“எங்க பஸ் வர இன்னும் நேரம் இருக்கு” என்றாள் பச்சைச் சட்டைக்காரி.

“அப்போ உங்க பொண்ணுங்களைக் கூப்பிடு” என்றாள் மின்னல். மைதானத்தின் நடுவே நின்று, குதிகாலால் மண்ணில் ஒரு நீளக் கோடு இழுத்தாள்.