சாருமதி யாருக்கு மினுங்குகிறாள்

அதியமான் கூப்பிட்டான். திரை இருண்டே கிடந்தது.

“இன்னும் கொஞ்சம் சத்தமா சார்,” என்றான் காப்பகத்தில் வேலை பார்க்கும் ரெக்ஸன்.

“சாரு... நான்தான்.”

ஒன்றுமில்லை.

இறந்தவரின் நரம்புச் செல்களை வளர்த்துக் காப்பது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் காப்பகத்துக்கு வரும். சத்துநீர் ஊற்றி, பெயர் சொல்லிப் பேசும். தெரிந்த குரலின் அதிர்வு பட்டால் செல்கள் மினுங்கும். செல்லைச் சுடாத மெல்லொளியில் அதைக் காட்டும் உயிர்நோக்கியை உருவாக்கிய இயற்பியலாளன் அதியமான்.

அவன் மனைவி சாருமதியின் செல்கள் அவனுக்கு மினுங்கவில்லை.

“சத்துநீர் குழாய்ல அடைப்பா இருக்கும். இருங்க, நான் பாக்கேன்.” ரெக்ஸன் செல்கள் இருந்த பெட்டியருகே குனிந்தான்.

திரை முழுக்கப் பச்சை வெளிச்சம்.

ரெக்ஸன் சட்டென்று நிமிர்ந்தான். அவனும் சாருமதியும் ஒரே வகுப்பில் உயிரியல் படித்தவர்கள். அதியமான்–சாருமதி கல்யாணத்துக்கு மாலை வாங்கி வந்தவன் அவன்தான்.

“எப்பலேருந்து?”

“என்னது சார்?”

“கேக்குறது புரியலயா?”

“கிறுக்குத்தனமா பேசாதீங்க. தெனமும் சத்துநீர் மாத்துதது நான். மாத்தும்போது எதையாவது பேசிட்டே இருப்பேன். நேத்து மீன்கொழம்பு கருகுன கதைய சொன்னேன். சோறு போடுதவன் குரல் அதுக்குத் தெரியும், அவ்ளோதான். நீங்க வந்தா வாயே தொறக்க மாட்டீங்களே!”

உண்மைதான். ஆய்வகத்தில் படமெடுக்கும்போது பேசக் கூடாது. குரலதிர்வில் படம் கலங்கும். அவன் போட்ட விதி. அவள் செல்களையும் இத்தனை நாள் வாய்மூடியே படமெடுத்திருந்தான். வீட்டிலும் அப்படித்தான். சாருமதி பேசுவாள். அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

மறுவாரமே ரெக்ஸனைக் காப்பகத்தின் வேறு கிளைக்கு மாற்றினான். சத்துநீரைத் தானே ஊற்றினான். பேசப் பழகினான். பால் திரிந்தது, அவளுடைய மஞ்சள் குடை பரணில் கிடைத்தது, இன்னும் என்னென்னவோ. ஒரு காலை, செல்கள் லேசாக மினுங்கின.

“எனக்குத்தான்,” என்றான்.

பிறகொரு நாள் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் பெட்டியின் கதவைத் திறந்தான். கீல் கிறீச்சிட்டது. திரையில் அவன் அதுவரை கண்டிராத வெளிச்சம். மூடித் திறந்தான். கிறீச். மறுபடி அதே வெளிச்சம். ரெக்ஸனுக்குக்கூட இவ்வளவு வந்ததில்லை. தினமும் சத்துநீருக்கு முன்னால் கேட்டது இந்தச் சத்தம்தான்.

காப்பகத்தின் எல்லாப் பெட்டிகளுக்கும் அதே கதவுதான். பக்கத்து அறையில் ஒரு கதவு கிறீச்சிட்டது. யாரோ கைதட்டினார்கள்.

“அப்பாவுக்கு என்னத் தெரியுதும்மா! பாரேன்!”

அதியமான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எண்ணெய்க் குப்பி எடுத்து வந்தான். சாருமதியின் கதவுக்கு மட்டும் போட்டான்.