வெஸ்டாவில் யாருக்கு விசில்?

வெஸ்டாவில் படம் பார்க்கப் போகிறவர்களை முதலில் நாற்காலியோடு கட்டிப்போடுவார்கள். டிக்கெட்டைக் கிழிக்கிற பெண்ணே கூட வந்து இடுப்பில் ஒரு பட்டை, தொடைமேல் ஒரு பட்டை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற அந்தக் குறுங்கோளில் ஈர்ப்பு என்பது பேருக்குத்தான். பூமியில் அறுபது கிலோ இருக்கிற ஆள் அங்கே ஒன்றரை கிலோ. உற்சாகத்தில் துள்ளி எழுந்தால் தலை கூரையில் இடிக்கும். ஆடி அசைந்து கீழே வந்து சேர்வதற்குள் பாட்டில் பல்லவி முடிந்துவிடும். போன படத்தின்போது முன்வரிசை மொத்தமும் மேலே போய்த் திரையை மறைத்துவிட்டது. பின்வரிசைக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். பட்டை வந்தது.

அன்று அப்படிக் கட்டுண்டு கிடந்தவர்களில் ஒருவர் ஆவுடையப்பன். ஊர் பாளையங்கோட்டை, தொழில் சினிமாவில் சண்டைப் பயிற்சி. அவரைத் தெரியாதவர்களுக்கும் அவர் அமைத்த சண்டைகளைத் தெரிந்திருக்கும். ‘அண்டம் கிடுகிடு’ படத்தில் நாயகன் பருதிவேந்தனின் மீசை நுனியில் துப்பாக்கிக் குண்டு மோதி இரண்டாகப் பிளந்து, இரண்டு அடியாட்களைத் தனித்தனியே தேடிப்போய்த் தாக்குமே, அது அவருடைய யோசனை. ஓடுகிற ரயிலைக் கால் பெருவிரலால் நிறுத்தி, உள்ளே தூங்கும் குழந்தை விழித்துவிடாதபடி மெதுவாகத் தள்ளி அனுப்பியதும் அவர் அமைத்ததுதான்.

பூமியில் இதற்கெல்லாம் சிரித்தார்கள். சிரிப்பிலும் தினுசு இருக்கிறது; இது கேலித் தினுசு. அவருடைய மகள் கோமதி கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள்; அப்பாவின் ரயில் சண்டையைத் தேர்வுத்தாளில் போட்டு, ‘இதிலுள்ள பிழைகளைச் சுட்டுக’ என்று கேட்டிருந்தாள். பதில் எழுத மாணவர்கள் கூடுதல் தாள் வாங்கினார்களாம். ஆவுடையப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தயாரிப்பாளர் சங்கரபாண்டியனும் ஒருநாள் இழுத்தாற்போல் சொன்னார். “அண்ணாச்சி, அடுத்த படத்துல சண்டையைக் கொஞ்சம் குறைச்சுக்கிடுவோமா? ஜனங்க லாஜிக் கேக்காங்க.”

அப்போதுதான் வெஸ்டாவிலிருந்து சேதி வந்தது. அங்கே போய்க் குடியேறிய சுரங்கத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், தமிழ்நாடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதவர்கள், ‘அண்டம் கிடுகிடு’வைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களாம். ரசிகர் மன்றம் வைத்திருக்கிறார்களாம். விசில் சத்தத்தில் அரங்கின் காற்றழுத்த எச்சரிக்கை மணி தப்பாக அடித்துவிட்டதாம். மன்றத்தின் சார்பில் படக்குழுவில் ஒருவரை அழைத்திருந்தார்கள். பருதிவேந்தனுக்கு விண்பயணம் ஒத்துக்கொள்ளாது. லிஃப்டிலேயே தலை சுற்றும் அவருக்கு.

“நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி,” என்றார் சங்கரபாண்டியன். “எந்தெந்த இடத்துல விசிலடிக்காங்கன்னு பாத்து வந்து சொல்லுங்க. அடுத்த படம் பூரா அதையே வைப்போம்.”

எதற்கு விசிலடிப்பார்கள் என்பதில் ஆவுடையப்பனுக்கு இம்மியும் சந்தேகமில்லை. உறைதுயில் பெட்டிக்குள் படுத்து, பல மாதம் தூங்கி, புன்னகையோடு வெஸ்டாவில் கண் விழித்தார்.

வரவேற்க வந்தவள் இல்வா, மன்றத் தலைவி. பாறை வெட்டுகிற வேலை. குறைந்த ஈர்ப்பில் வளர்ந்த உடம்பு. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம், மூங்கில் மாதிரி ஒல்லி. அவள் தன் மொழியில்தான் பேசினாள். ஆனால் ஆவுடையப்பனின் காதுக்குள் பொருத்தியிருந்த செவிமொழிச் சில்லு, எந்த மொழியையும் கேட்பவரின் சொந்த ஊர்ப் பேச்சுக்கு மாற்றித் தந்துவிடும்.

“வாங்க அண்ணாச்சி. பயணம் சொகமா இருந்துச்சா? உங்களைப் பாக்கணும்னு ஊரே காத்துக் கெடக்கு,” என்றாள் அந்த வெஸ்டாக்காரி.

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொந்த ஊரிலேயே யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை.

படம் தொடங்கியது. பருதிவேந்தன் ஏழு மாடிக் கட்டடத்தை ஒரே தாவில் தாண்டி, வில்லனின் மாளிகை முற்றத்தில் இறங்கினான். புழுதி கிளம்பியது, முரசு அதிர்ந்தது. ஆவுடையப்பன் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார்.

யாரும் அசையவில்லை. முன்னால் ஒருவன் கொட்டாவி விட்டான். ஒரு தாய் குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.

சரி, முதல் சண்டை, சூடேற நேரமாகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்து ரயில் வந்தது, பெருவிரல் வந்தது. இல்வா சத்தமில்லாமல் ஒரு தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். மீசையில் குண்டு பிளந்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் வேலைநேர மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் திரையையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். படம் மாறிவிட்டதோ, ஆட்கள் மாறிவிட்டார்களோ என்று குழம்பினார்.

சண்டை முடிந்து நாயகன் வீடு திரும்பினான். கொல்லையில் துவைகல்லின்மேல் உட்கார்ந்தான். சண்டையின் களைப்பைக் காட்ட இயக்குநர் போகிற போக்கில் எடுத்த காட்சி. ஆவுடையப்பன் அன்று படப்பிடிப்புக்கே போகவில்லை. பருதிவேந்தன் ஒரு குடத்தைத் தூக்கித் தலைக்குமேல் கவிழ்த்தான்.

அரங்கம் வெடித்தது.

விசில் என்றால் விசில், ஆவுடையப்பன் வாழ்நாளில் கேட்டறியாத விசில். பட்டைகள் நெறுநெறுத்தன. பொத்தான் மாட்டிக்கொண்டிருந்த தாய் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கித் திரையைக் காட்டினாள். கொட்டாவி விட்டவன் எப்படியோ பட்டையைக் கழற்றிவிட்டுக் கூரையருகே ஆடிக்கொண்டிருந்தான். ‘இன்னொரு தடவை, இன்னொரு தடவை’ என்று கூச்சல். படக்கருவி இயக்குபவர் காட்சியைப் பின்னால் ஓட்டினார். குடம் மறுபடி கவிழ்ந்தது. தண்ணீர் தலையில் விழுந்து, தோளில் தெறித்து, கல்லில் வழிந்து, மண்ணுக்குள் போனது. மறுபடி விசில்.

அதோடு முடியவில்லை. டீக்கடைக்காரர் ஒரு கையை மேலே உயர்த்தி மறுகைக் குவளைக்கு நெட்டுக்குத்தாக டீயை ஆற்றியபோது கிழவர்கள்கூடக் கைதட்டினார்கள். கடைசியில் வில்லன் வந்தான். அந்தப் படத்தில் அவன் ஒரு கிராமத்தையே கொளுத்துவான். அப்போது எவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தரையில் வீசினானே, அரங்கமே பல்லைக் கடித்தது. இல்வா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“பாவி, எப்படித்தான் மனசு வருதோ,” என்றாள்.

படம் முடிந்து வெளியே வந்ததும் ஆவுடையப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “என்னோட சண்டைங்க எப்படிம்மா இருந்துச்சு?”

இல்வா யோசித்தாள். “எதைச் சொல்லுதிய அண்ணாச்சி? நடுநடுவுல அவரு நடந்து போற சீன் வருமே, அதா?”

பிறகு அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, ஒரு தாவில் மூன்று அடுக்கு நடைபாதைகளைத் தாண்டி இறங்கினாள். போகிற வழியில் நின்றிருந்த தாதுவண்டி ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தாள். ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். பருதிவேந்தன் செய்கிற எதையும் இங்கே பால் வாங்கப் போகிறவளே செய்துவிடுவாள்.

மறுநாள் இல்வாவே விளக்கினாள். வெஸ்டா வறண்ட பாறை. தண்ணீர் பக்கத்துக் குறுங்கோள்களிலிருந்து பனிக்கட்டியாக வரும், உறைகளில் அடைபடும், உறிஞ்சுகுழாய் வழியாக வாய்க்குப் போகும். குளியல் என்றால் ஈரத்துணி. ஒரு துளி தப்பினாலும் உருண்டு அலைந்து ஏதாவது இயந்திரத்துக்குள் புகுந்துவிடும் என்பதால் ‘நீர்த்தப்பு’ என்று தனியாக ஒரு குற்றப்பிரிவே உண்டு. பிறந்ததிலிருந்து அவர்கள் யாரும் திறந்த தண்ணீரைப் பார்த்ததில்லை.

“அதுவும் அது கீழ விழுதே அண்ணாச்சி,” என்றாள் கண் விரிய. “அம்புட்டு வேகமா. கம்ப்யூட்டர்ல பண்ணுனதா, நெசமா?”

“நெசந்தாம்மா,” என்றார் ஆவுடையப்பன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லியும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

பொய் சொல்லிவிடலாமா என்று திரும்பி வரும்போது நிறைய யோசித்தார். சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சங்கரபாண்டியனிடம் ஒப்பித்தார். சங்கரபாண்டியன் எழுந்து நின்றுவிட்டார்.

“தண்ணி,” என்றார். “படம் பூரா தண்ணி. தலைப்பு ‘பிரளயம் பிறந்தது’. அண்ணாச்சி, குடம் கவிழ்க்கிறதை நீங்கதான் அமைக்கணும். சண்டை வேண்டாம்.”

“ஒரே ஒரு சண்டை,” என்று ஆவுடையப்பன் கெஞ்சினார். “ஒரே ஒரு உதை. எவனாவது ஒருத்தன் விசிலடிச்சாப் போதும். அதுக்கப்புறம் ஓய்வு வாங்கிக்கிடுதேன்.”

போனால் போகிறது என்று ஒரு உதை கொடுத்தார்கள்.

மற்றதில் ஆவுடையப்பன் குறை வைக்கவில்லை. ஆள் தொழிலில் கெட்டிக்காரர். நாயகன் குழாயைத் திறக்கிற காட்சிக்கு முரசு வைத்தார். டம்ளர் நிரம்புவதை எட்டுக் கோணத்தில் எடுத்தார். குடம் கவிழ்கிற உச்சக்காட்சிக்கு நாள் முழுக்க ஒத்திகை நடந்தது; தண்ணீர் லாரிகள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின.

படம் முதலில் வெஸ்டாவில் வெளியானது. அங்கே பட்டையை அவிழ்த்துக்கொண்டு எழுந்த மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். விழுவதற்கே வெகுநேரம் ஆயிற்றாம். அந்தச் சேதி பூமிக்கு வந்ததும் லாஜிக் கேட்டவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். வெஸ்டாக்காரனே கொண்டாடுகிறான், நமக்குத்தான் நம் அருமை தெரியவில்லை என்று தலையங்கம் எழுதினார்கள். கோமதிகூடப் போன் செய்து முதல் காட்சிக்கு டிக்கெட் கேட்டாள்.

சென்னை முதல் காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் இல்வா. படம் வெஸ்டாவுக்கு வந்து சேருமுன்பே, மருத்துவர்கள் மாதக்கணக்கில் பழக்கி, எலும்புகளுக்கு உலோகத் தாங்குசட்டகம் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். காரிலிருந்து இறங்கி அரங்கப் படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு படியிலும் நின்றாள். தன் கையே தனக்குப் பாரமாக இருக்கிறது என்றாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த ஆவுடையப்பன், இங்கே பட்டை தேவையில்லை என்று வேடிக்கையாகச் சொன்னார். அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

படத்தில் அந்த ஒற்றைச் சண்டை வந்தது. கூட்டத்தில் பாதிப்பேர் பாப்கார்ன் வாங்க எழுந்து போனார்கள். மீதிப்பேர் தண்ணீர்க் காட்சி எப்போது வரும் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் பருதிவேந்தன் நின்ற இடத்திலிருந்து எழும்பி, அந்தரத்தில் ஒரு சுழல் சுழன்று, உதைத்தான்.

ஒரு விசில் கேட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். இல்வா சட்டகம் கிறீச்சிட, இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்து எழுந்து நின்றிருந்தாள். வாயில் விரல். கன்னமெல்லாம் ஈரம்.

“அண்ணாச்சி, இந்தக் கனத்துலயா? இந்தக் கனத்துலயா ஒரு மனுசன் குதிக்கான்?” என்றாள். மறுபடி விசிலடித்தாள். அந்த இருட்டில் அவள் ஒருத்தியின் விசில்தான். ஆவுடையப்பனுக்கு அது போதும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளை முடிந்தும் அவள் இருக்கைக்குத் திரும்பவில்லை. விழுந்துகிழுந்து வைத்தாளோ என்று பதறி, வெளியே போய்த் தேடினார். கழிப்பறைகளுக்கு வெளியே, பொதுக் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே ஒரு குழாய் மரை தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ அப்படித்தான். தொட்டியில் பாசி படிந்து பச்சைக் கோடு விழுந்திருந்தது. இல்வா அதற்கு முன்னால் கைகூப்பாத குறையாக நின்று, துளி விழும்போதெல்லாம் மெல்ல விசிலடித்தாள்.

அப்போது ஒருவர் ஓட்டமாக வந்தார். கையில் பாப்கார்ன் எண்ணெய். பக்கத்துக் குழாயை முழுசாகத் திருகினார், கையைக் காட்டினார், முகத்தில் இரண்டு வாரி அடித்தார். குழாய் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்க, திரும்பினார்.

“வழி விடுங்க சார்,” என்றார் ஆவுடையப்பனிடம். “குடம் கவுக்கிற சீன் போயிரும். வெஸ்டாவுல மயக்கம் போட்டாங்களாமே.”

அவர் ஓடி மறைகிறவரை இல்வா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆவுடையப்பனின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அண்ணாச்சி, இவருதான் இந்தப் படத்துல வில்லனா?”

ஆவுடையப்பன் கொட்டிக்கொண்டிருந்த குழாயிடம் போனார். ஒத்திகையன்று மணலில் கொட்டச் சொன்ன லாரிகள் ஞாபகத்துக்கு வந்தன. குழாயை இறுக்கித் திருகினார். அரங்கத்துக்குள் குடம் கவிழ்ந்திருக்க வேண்டும். கூரை இடிகிற மாதிரி விசில் சத்தம் கேட்டது, ஒன்ஸ்மோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.