ஈயப் பலகையில் நாலாவது துளை

பிரசவ வலியோடு மாரியாயியை ஏற்றிச் சென்ற தோட்டத்து மோட்டார் வண்டி, கொஸ்லந்தைக்கு மேலே ஏற்றத்தில் மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை அது கிளம்பியபோது, அவளுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை.

1923 ஆகஸ்ட் 9, வியாழன். காலை 9.10.

தேயிலை ஃபாக்டரி முற்றத்தில் டிரைவர் பாக்கியநாதன் கைவிலங்கோடு நின்றான். இன்ஸ்பெக்டர் பதுளையிலிருந்து அழைத்து வந்திருந்த மெக்கானிக் அலவி வண்டியைச் சுற்றி வந்தார். இயந்திரத்தைக் கண்டாலே குளிர்ந்துவிடும் அவர் மனம் இன்று கொதித்தது.

"வண்டி நல்ல வண்டி," என்றார் தோட்டத் துரை. "அவ செத்த மறுநாள் நான் கிளப்புக்குப் போனேன், வந்தேன். எங்கயும் நிக்கல. இவன் குடிச்சான்."

"சாராயத்த நான் தொட்டதே இல்லைங்க!"

"வாய மூடு!"

9.40. இன்ஸ்பெக்டரைப் பின்னால் உட்கார வைத்து, அலவி அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். வண்டி ஒருமுறைகூட முனகவில்லை. திரும்பி வந்தபோது துரை சிரித்தார்.

அலவி, செத்தவளின் தங்கை இராக்கம்மாவிடம் போனார்; முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் அவள் அவரை 'நானா' என்பாள். "நீதானே கூடப் போனது? வண்டி எப்ப நின்னுச்சு?"

"அக்கா வலியில பொரண்டா நிக்கும், நானா. ரோட்டோரம் எறக்கிப் படுக்க வச்சா கிளம்பும். தீஞ்ச நாத்தம் வேற."

"பின்சீட்டு மெத்தையிலதானே படுத்திருந்தா?"

"மெத்தையா?" இராக்கம்மா துரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தொரை ஒக்கார்ற தோலு மேல லயத்துக் கூலி ஆளு படுக்கலாமா? மெத்தைய எடுத்துட்டுப் பலகை போடணும். இங்க அதான் சட்டம்."

அலவி பின்மெத்தையைத் தூக்கினார். அடியில் பாட்டரி. அதன் ஒரு முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. மறுமுனை மூடியில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

"பலகை எங்க?"

ஃபாக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் யேசுரத்தினம் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். மெல்லிய பலகை. ரத்தம் ஊறாதிருக்கத் தேயிலைப் பெட்டி ஈயத்தகட்டை அதன்மேல் போர்த்தி, ஓரங்களை அடிப்பக்கம் மடித்திருந்தார்கள். அடியிலிருந்த ஈயத்தில், உருகிய விளிம்போடு மிளகளவில் மூன்று துளைகள். பக்கத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டிய மங்கிய ஒரு பற்று.

10.15. மெத்தை இருந்த இடத்தில் பலகையை வைத்து, கைப்பிடியைச் சுழற்றி என்ஜினைக் கிளப்பினார். "ஏறி உக்காரும்மா."

இராக்கம்மா உட்கார்ந்தாள். பலகை வளைந்தது. அடியில் நீலப்பொறி பறந்தது. என்ஜின் செத்தது. அவள் எழுந்தாள், கைப்பிடி சுழன்றது, என்ஜின் மறுபடி கிளம்பியது.

"மின்சாரம் ஒரு சோம்பேறி," என்றார் அலவி. "என்ஜின் வரை போய்ப் பொறி போடுறதுதான் அதோட வேலை. பக்கத்திலேயே குறுக்கு வழி இருந்தா அங்க போகாது. ஆள் பாரத்துல ஈயம் பாட்டரி முனையத் தொடுது. ஓரம் இரும்பத் தொடுது. வழி கிடைச்சாச்சு. தொட்ட இடம் உருகித் துளையாகுது. மெத்தையப் போட்டு ஓட்டினா எத்தனை வருசமானாலும் இது நடக்காது."

"அப்போ விபத்து," என்றார் துரை அவசரமாக. "பலகை போட்டது டிரைவர்தான்."

"மூணு துளை, மூணு தடவை நின்னதுக்கு. இப்ப ஒண்ணு, நாம பாக்க விழுந்துச்சு, அத விடுங்க." அலவி திருப்புளியால் அந்தப் பழைய பற்றைப் பெயர்த்தார். கீழே, அதே உருகிய விளிம்போடு நாலாவது துளை. "இது எப்ப வந்துச்சு? யாரு அடைச்சது?"

யேசுரத்தினம் ஓரடி முன்னால் வந்தார். "நான்தாங்க. போன மாசம் கால் முறிஞ்ச ஒருத்தன இந்தப் பலகையில போட்டு தொரையே ஓட்டிப் போனாங்க. பாக்கியநாதன் லீவு. வண்டி நின்னுருச்சு. திரும்பி வந்து, 'பலகைதான் வண்டிய நிறுத்துது, ஓட்டைய அடை, யார்கிட்டயும் பேசாத'ன்னாங்க."

"தெரிஞ்சும் அதே பலகை!" அலவி பலகையைத் துரையின் முன் நீட்டினார். "தெரிஞ்சும் பழி இவன் மேல! மாரியாயியக் கொன்னது நீங்கதான் தொரை."

இன்ஸ்பெக்டர் பாக்கியநாதனின் விலங்கை அவிழ்த்தார். "தொரை, நீங்களும் இப்பவே பதுளைக்கு வரணும். முன்னால உக்காருங்க."

பாக்கியநாதன் பலகையைச் சாட்சிப் பொருளாகக் கட்டிவிட்டு, தோல் மெத்தையைத் திரும்பப் பொருத்தினான். "ஏறு இராக்கம்மா."

செம்மண் காலோடு ஏறி உட்கார்ந்தாள். தோலை ஒருமுறை தடவினாள்.

"இதுக்காகவா, நானா?"

அலவி முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். ஏற்றத்தில் வண்டி எங்கும் நிற்கவில்லை.