முதல் இழுப்பு

"கங்கு ஆறிப்போகுது ஹனாதி. வந்து இழுத்துக் குடு," என்று பால்கனியிலிருந்து, மகன் பேரால் உம் மர்வான் என்று அழைக்கப்படும் மாமியார் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு சமீராவும் காலைக் காப்பிக்கு வந்து உட்கார்ந்தாயிற்று.

மாமியாரின் ஹூக்காவில் புகை வரும்வரை இழுத்துக் கொடுப்பது அந்த வீட்டில் மருமகள் வேலை. சைதா நகருக்கு வாழவந்த நாள் முதல் காலையும் மாலையும் ஹனாதிதான் இழுத்தாள். நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிந்ததும், பிறந்த வீட்டிலிருந்து காசநோய் கொண்டுவந்தவள் என்று அவளுக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். ஐந்து வயது மகள் லீனை மாமியார் அறைக்கு மாற்றினார்கள். கணவன் மர்வானும் ஒத்துப்போனான். ஹூக்கா வேலையை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதற்கு வாயில் வைக்க ஒரு தனிக் குழல்முனை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். என்ன கரிசனம் பாருங்கள்.

ஹனாதி வந்தாள். ஹூக்காவைத் தொடாமல், புது ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்னடி?"

"என் நெஞ்சு, அத்தை. மேல்பக்கம் பூரா சின்னச் சின்னக் கட்டி, ஓட்டை. அடிப்பக்கம் மட்டும் சுத்தம். சதையெடுத்தும் பாத்துட்டாங்க, காசநோய் இல்ல. உடம்புல ஒரு வகை உயிரணு கண்ட இடத்துல சேந்துபோற அபூர்வ நோயாம். இடுப்பெலும்புலயும் இருக்கு. யாருக்கும் ஒட்டாது."

"அப்போ எப்படி வந்துச்சாம்?"

"எத்தனை வருஷமா புகைக்கிறேன்னு டாக்டர் கேட்டார். சிகரெட்டையே தொட்டதில்லன்னு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து படியேறறப்போ நீங்க கூப்பிட்டீங்க... இழுத்துக் குடுன்னு. அப்பத்தான் உறைச்சுது. நுரையீரல்ல இது வர்றதும் முத்துறதும் பெரும்பாலும் புகையாலதானாம்."

சமீரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே தொடமாட்டேன். நான் இருக்கற வீட்டுல இது புகையவும் கூடாது. போன்னு சொன்னா போறேன். ஆனா லீனோடதான் போவேன்."

மாமியாரின் கண் நிறைந்தது. எழுந்து ஹூக்காவின் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். ஓரமாகக் கவிழ்த்திருந்த ஹனாதியின் கோப்பையை எடுத்து, காப்பி ஊற்றி, சமீரா பார்க்க முழுவதையும் குடித்தாள்.

"வீட்டுக்கு வந்த புள்ளய நானே இப்படி..." என்று விம்மினாள்.

ஹனாதிக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் இறங்கிவரவில்லை. "மன்னிச்சேன்னு சொல்ல இப்போ வாய் வரல அத்தை. முதல்ல என் பொண்ணக் கூப்பிடுங்க."

மாமியார் கூப்பிட்டாள். லீன் ஓடிவந்து, பழக்கிவைத்தபடி கதவருகிலேயே நின்று, பாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட போலாமா?"

"அதை யார்கிட்டயும் கேக்காதே," என்று ஹனாதி இரண்டு கைகளையும் விரித்தாள்.