கழிக்க வேண்டிய அரை மணி

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பதினொன்று. கணினித் திரையோ நான்கு பன்னிரண்டுக்கு நடந்ததைச் சொன்னது: பின்கதவு உடைக்கப்பட்டது.

கதவுப் பூட்டுகளுக்கு மென்பொருள் எழுதுவது அவன் பிழைப்பு. சோதனைக்குத் தன் வீட்டுப் பூட்டையே இணைத்து வைத்திருந்தான். ஊரார் வீட்டில் பிழை வந்தால் வேலை போகும், தன் வீட்டில் வந்தால் மனைவியின் திட்டோடு போகும் என்று வேடிக்கையாகச் சொல்வான். இன்று வேடிக்கை வரவில்லை. எல்லோரும் கூட்டத்துக்குப் போய்விட்ட அறையில், ஏசியின் உறுமலும் ஆறிப்போன காப்பியின் புளித்த வாடையும் ஜன்னல் திரை மேஜைமேல் அசைத்த நிழலும் அவனை என்னவோ செய்ய, வீட்டுக்குப் போன் போட்டான்.

"பின்கதவு பூட்டியிருக்கா?"

"பூட்டித்தாங்க இருக்கு. தாழ்ப்பாளும் போட்டிருக்கேன். ஆபீஸ்ல வேலையே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு இருக்கு. லைன்லயே இரு."

போன உயிர் திரும்பி வந்தது. கோளாறு நேரக் கணக்கில்தான். அவர்கள் குடியிருந்த வெளிநாட்டு ஊர், உலகப் பொது நேரத்துக்குச் சில மணியும் ஓர் அரை மணியும் பின்தங்கியது. மணிகளை ஒழுங்காகக் கழித்தவன், அரை மணியை மட்டும் கழிக்காமல் கூட்டித் தொலைத்திருந்தான். அதனால் எல்லாமே ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. கூட்டல் குறியை அழித்தான். கழித்தல் குறி போட்டான். பொத்தானை அழுத்தினான்.

4:12 என்பது 3:12 ஆனது.

சுவரிலும் 3:12.

போனில் மரம் பிளந்தது. "என்னங்க!" என்றாள். பிறகு அலறல். ஈர விறகில் கோடாலி இறங்குவதுபோல் ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

அவளுக்கு மீதமிருந்த ஒரு மணி நேரத்தை அவனே கழித்துவிட்டான்.

கழித்தல் குறியை அழித்தான். கூட்டல் குறி. பொத்தான்.

அமைதி. திரையில் மறுபடி 4:12.

"ஏங்க..." அவள் குரல்தான். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஓடு! முன்கதவு வழியா வெளிய ஓடிடும்மா!"

"எப்படிங்க ஓடறது?" குரலில் பயம்கூட இல்லை, குழப்பம்தான். "கதவு பூட்டினபடியேதான் இருக்கு. என் காலைத்தான் காணோம்."

பின்வாசல் கேமராவைத் திறந்தான். கதவில் ஒரு கீறல் இல்லை. வெளிப்படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் கோடாலி. அதிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், அவன் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தான்.